ஒரு சங்கிலி தூரம்

செங்கல்பட்டு கடைத்தெருவில் 1918-ஆம் ஆண்டு பிறந்த கியாசுதீன், முப்பத்து நான்கு வயதுக்குள் ஐந்து வேலைகளை விட்டவர். முதலாவது, அவருடைய தகப்பனார் வைத்திருந்த கயிறு, சாக்குக் கடை. அதில் பதினோரு மாதம் இருந்தார். கல்லாவுக்கு முன்னால் உட்கார்ந்தால் அவருக்குத் தொடை ஆடும். தொடை ஆடினால் பலகை ஆடும். பலகை ஆடினால் தராசு ஆடும். "வியாபாரம் பண்றியா, ரயிலு ஓட்றியாடா?" என்று கேட்ட அத்தா, ஒரு நாள் எழுந்து போகச் சொல்லிவிட்டார். இரண்டாவது, ஏரி மீன் ஏலத்தில் விலை கூவுவது, நான்கு மாதம். மூன்றாவது, யுத்த காலத்தில் கடற்கரையோரம் ஒரு மூங்கில் பரணில் இருந்துகொண்டு எதிரி விமானம் வருகிறதா என்று பார்ப்பது. விமானம் வரவில்லை. வராத ஒன்றை உட்கார்ந்து பார்க்க முடியாமல் ஒன்பதாம் நாள் பரணை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டார். நான்காவது, லாரி கிளீனர். ஐந்தாவது, திருக்கழுக்குன்றம் தடத்தில் பஸ் கண்டக்டர். அதில்தான் அதிக நாள், இரண்டு வருடம் ஏழு மாதம், இருந்தார். போன வழியே திரும்பி வருவதற்கு எதற்கு ஒரு பஸ் என்று ஒரு நாள் தோன்றியது. பையைக் கழற்றி முதலாளியிடம் கொடுத்துவிட்டார்.

"எங்க வூட்டுக்காரரு ஒரு எடத்துல நிக்கறது தொழுகையில மட்டும்தான்" என்பாள் அவர் மனைவி பதருன்னிசா.

1952 அக்டோபர் முதல் தேதி அவருக்குச் சரியான வேலை கிடைத்தது. ராஜேந்திரன் என்ற சர்வேயரிடம் சங்கிலி இழுக்கும் ஆள். ராஜேந்திரன் அரசாங்கத்தில் இல்லை. தோப்பு, மில், காலிமனை என்று யார் கூப்பிட்டாலும் அளந்து கொடுப்பவர். இருபத்தொன்பது வயது. கோபத்தில்கூட குரல் உயராது. பென்சிலை மட்டும் கீழே வைத்துவிடுவார்.

அளக்கும் சங்கிலி அறுபத்தாறு அடி நீளம், நூறு இரும்புக் கண்ணி. அதை இரண்டு பேர் இழுப்பார்கள். முன்னே போகிறவரை முன்கை என்றும் பின்னே வருகிறவரைப் பின்கை என்றும் சொல்வார்கள். முன்கையிடம் பத்து இரும்புக் கம்பிகள் இருக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு வளையம், அதில் ஒரு சிவப்புத் துணி. சங்கிலி விறைத்து நின்ற இடத்தில் முன்கை ஒரு கம்பியைக் குத்திவிட்டு மேலே நடப்பார். பின்கை அந்தக் கம்பி வரை வந்து, அடுத்த சங்கிலியை அங்கிருந்து பிடித்து, பிறகு கம்பியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொள்வார். பின்கையிடம் எத்தனை கம்பி சேர்ந்திருக்கிறதோ அத்தனை சங்கிலி தூரம் கடந்தாயிற்று. பத்து சேர்ந்ததும் எல்லாவற்றையும் முன்கையிடம் திருப்பிக் கொடுப்பார். சர்வேயர் நோட்டில் ஒரு கோடு போடுவார். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

கியாசுதீனுக்கு இதைவிடப் பொருத்தமான பிழைப்பு உலகத்தில் இல்லை. நடப்பதற்குக் கூலி; நடந்த வழியே திரும்ப வேண்டாம்.

1955 பிப்ரவரி 21, திங்கட்கிழமை, அவர்கள் மாமல்லபுரம் வந்து சேர்ந்தார்கள். சென்னையில் ஒரு சிறு ஆராய்ச்சிக் கழகம். அதன் செயலாளருக்குப் பல்லவ ராஜாவின் அரண்மனை எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்காக மலையையும் மலைக்கு மேற்கே உள்ள மணலையும் அளந்து ஒரு வரைபடம் தரச் சொல்லி ராஜேந்திரனை அமர்த்தியிருந்தார். பின்கைக்கு உள்ளூரில் சின்னராசு என்ற இருபத்து நான்கு வயது இளைஞனைப் பிடித்தார்கள். அறுவடை இருந்தால் அறுவடை, இல்லாவிட்டால் கல் உடைப்பது என்று இருந்தவன்.

வந்த மூன்றாம் நாளே கியாசுதீனுக்கு அந்த ஊர் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போயிற்று என்பதைவிட, பிடித்துக்கொண்டது என்றே சொல்லலாம். விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் மலைக்கு ஏறிவிடுவார். ஆறேமுக்காலுக்கு வேலை, அதற்குள் ஒரு சுற்று. மாலை ஐந்துக்கு வேலை முடிந்தால் இன்னொரு சுற்று. ஒரு பாறையில் படிகள் ஏறிப்போகும். பதினொன்றாம் படியில் நின்றுவிடும். பன்னிரண்டாவதற்குக் கல் இருக்கிறது, வெட்டத்தான் ஆள் இல்லாமல் போயிருக்கிறது. இன்னொரு பாறையின் முதுகில் வரிசையாகச் சதுரக் குழிகள். தூண்கள் நின்றிருக்க வேண்டும். அதைத் தாண்டினால் சிங்கம் படுத்திருக்கும் ஒரு வழவழப்பான கல் ஆசனம். தருமராசா சிங்காதனம் என்று ஊரில் சொல்வார்கள். அதன் பக்கத்தில் செங்கல் சுவரின் அடி, முழங்கால் உயரம்கூட இல்லாமல், புல்லுக்குள் மேற்கு நோக்கிப் போய் மணலில் மறைந்துவிடும். கியாசுதீன் அந்த ஆசனத்தில் ஒரு தடவைகூட உட்காரவில்லை. சுற்றிச் சுற்றி வந்தார்.

அவர் மனத்தில் ஒரே கேள்விதான். இத்தனை கோயில் குடைந்தவன், ஒற்றைக் கல்லில் தேர் தேராகச் செதுக்கியவன், கடல் ஓரத்தில் கோபுரம் வைத்தவன், எங்கே படுத்தான்? எங்கே சாப்பிட்டான்? சமையல்கட்டு எந்தப் பக்கம்?

"ராசா வூட்டுச் சோறு உனக்கு இன்னாத்துக்கு பாய்?" என்றான் சின்னராசு. "எங்கக்கா ஆப்பம் சுட்டுகினு கீது. ஆறிப்போச்சின்னா என்ன ஏசும். வா."

அக்கா சந்திரம்மா. முப்பத்தெட்டு வயது. புருஷன் கால்வாய்ப் படகில் உப்பு மூட்டை ஏற்றுகிறவன். 1947-இல் காய்ச்சலில் போய்விட்டான். அதன்பின் அவள் குடிசை போட்ட இடங்கள் மூன்று. முதல் இடம் பண்ணையாருடையது. உழைக்க ஆண்பிள்ளை இல்லாத வீட்டுக்கு மனை இல்லை என்று கிளப்பினார்கள். இரண்டாவது கால்வாய்க் கரை, வெள்ளத்தில் போயிற்று. மூன்றாவது, மலைக்கு மேற்கே புறம்போக்கு மணல். 1949-இல் சுவரைத் தன் கையால் எழுப்பினாள். குடிக்கத் தண்ணீருக்கு நாலு இடத்தில் தோண்டினாள். மூன்றில் உப்பு, நாலாவதில் நல்ல தண்ணீர். அந்த ஊற்றை ஒட்டித்தான் வீடு. கல் உடைக்கிறவர்களுக்கும் கோயில் பார்க்க வருகிறவர்களுக்கும் அவள் சுட்டு விற்ற ஆப்பத்துக்கு ருசி கொடுத்தது அந்தத் தண்ணீர். சர்வே கோஷ்டிக்கும் காலை நாஸ்தா அவளிடம்தான்.

மார்ச் 3, வியாழக்கிழமை, நெடுங்கோடு அளந்தார்கள். விஷயம் இதுதான். மலை மேலே தெரிந்த செங்கல் சுவர் மேற்கே போய் மணலில் மறைகிறது. மேற்கே தூரத்தில் ஒரு மணல்மேட்டில் இன்னொரு செங்கல் வரிசை தலை காட்டி, தெற்கே போய் அதுவும் மறைகிறது. இரண்டும் நீண்டால் ஓர் இடத்தில் சந்திக்கும். அதுதான் அரண்மனையின் மூலை என்பது செயலாளரின் முடிவு. அந்த மூலையில் ஒரே ஒரு குழி தோண்டிப் பார்க்கத்தான் கழகத்தில் வசதி இருந்தது. நடுவே சவுக்குத் தோப்பு. ஒன்றிலிருந்து ஒன்றைப் பார்க்க முடியாது. ஆகவே மலைக்கும் மேட்டுக்கும் உள்ள தூரத்தை வண்டிப்பாதை ஓரமாக அளந்து, தாளில் வரைந்து, மூலையைத் தாளில்தான் கண்டுபிடிக்க வேண்டும். தூரத்தில் பிசகினால் மூலையும் அவ்வளவு பிசகும்.

கியாசுதீன் முன்கை; சின்னராசு பின்கை. மூன்று பத்து சரியாக முடிந்தது. நாலாவது பத்தில் ஐந்தாம் கம்பியோ ஆறாம் கம்பியோ, சவுக்குத் தோப்புக்குள், மணலிலிருந்து எட்டிப் பார்க்கும் ஒரு பாறை கியாசுதீன் கண்ணில் பட்டது. அதன் மேல் ஒரு சதுரக் குழி. மலை மேலே இருப்பது போலவே.

"டேய் சின்னராசு, இங்கயும் கீதுடா!"

சங்கிலியைப் போட்டுவிட்டு ஓடினார். சின்னராசும் பின்னால் ஓடினான். குழிக்குள் கை விட்டுப் பார்த்தார்கள். சருகு, ஒரு தேரை. ராஜேந்திரன் முன்னால் மேட்டுக்குப் போயிருந்தார். திரும்பி வந்து சங்கிலியை எடுத்து இழுத்தார்கள். மேட்டை எட்டியபோது ராஜேந்திரன் பின்கையிடம் கேட்டார், "எத்தனை?"

"ஆறு சார்."

முப்பத்தாறு சங்கிலி, நாற்பது கண்ணி என்று நோட்டில் எழுதினார்.

மாலையில் கம்பிகளைக் கட்டும்போதுதான் கியாசுதீன் பார்த்தார். சின்னராசு கொடுத்தது ஆறு. தம் கையில் மிச்சம் மூன்று. மொத்தம் ஒன்பது.

பத்தாவது எங்கே? பாறையைப் பார்க்க ஓடியபோது கையிலிருந்து விழுந்திருக்கலாம். அப்படியானால் கணக்கு சரி. அல்லது அவர் குத்திய கம்பி ஒன்றை, இந்தக் கூத்தில், சின்னராசு பிடுங்காமல் விட்டிருக்கலாம். அப்படியானால் தூரம் முப்பத்தேழு. ஒரு சங்கிலி குறைவாக எழுதியாயிற்று.

விழுந்துதான் இருக்கும் என்று நினைத்தார். நினைப்பது சுலபமாக இருந்தது. பழைய கம்பிகளில் மிஞ்சிய வளைந்த கம்பி ஒன்று அவர் பையில் எப்போதும் கிடக்கும். சங்கிலி ஆட்கள் பலர் அப்படி வைத்திருப்பார்கள், கம்பி தொலைத்தவன் என்ற பெயர் வராமலிருக்க. அதைக் கல்லில் தட்டி நிமிர்த்தி, சிவப்புத் துணி கட்டி, கட்டோடு சேர்த்தார்.

"பத்தும் இருக்கா கியாசு?" என்றார் ராஜேந்திரன், நோட்டிலிருந்து தலை தூக்காமல்.

"இருக்கு சார்."

மார்ச் 6, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு, மலையிலிருந்து அளந்து வந்து மூலைக்கு முளை அடித்தார்கள். முளை விழுந்த இடம் சந்திரம்மாவின் வீட்டுக்குள். அடுப்புக்கு நான்கு அடி தள்ளி.

முளை அடிப்பதைப் பார்க்கச் சென்னையிலிருந்து வந்திருந்த செயலாளர் கெட்டவர் இல்லை. முகமெல்லாம் வியர்க்க, கையைப் பிசைந்துகொண்டு, வேறிடத்தில் குடிசை போட இரண்டு வண்டி ஓலை வாங்கித் தருவதாகச் சொன்னார். வீட்டைக் காலி செய்ய ஊரில் பேசி எட்டு நாள் தவணை வாங்கினார். பதினான்காம் தேதி திங்கட்கிழமை குழி தோண்ட வேண்டும். சந்திரம்மா முளையைப் பார்த்தாள். பிறகு கியாசுதீனைப் பார்த்தாள்.

"இன்னா பாய், ராசா வூட்ட தேடறேன்னு சுத்திகினு இருந்த. என் வூட்லதான் இருந்துச்சா? அஞ்சாறு வருசமா நான் பாக்கலியே!"

"நான் இன்னா பண்ணுவேன் சந்திரம்மா? கணக்கு அப்படி விழுந்துச்சு."

"ஊத்தயும் தூக்கிகினு போவணுமா, இல்ல அத மட்டும் வுட்ருவீங்களா?"

கியாசுதீன் வெளியே வந்து மேற்கே பார்த்தார்; ஒரு சங்கிலி விட்டுப்போயிருந்தால் உண்மையான மூலை அந்தப் பக்கம்தான். அங்கிருந்து அறுபத்தாறு அடியில் என்ன இருக்கிறது என்று கண்ணாலேயே அளந்தார். வெறும் மணல். ஒரு கற்றாழைப் புதர். யாருக்கும் வேண்டாத இடம்.

அந்த நிமிடத்திலிருந்து அவருக்குக் கால் தரிக்கவில்லை. கம்பியைக் கண்டுபிடித்தால் போதும். நட்டபடி நின்றால் கணக்குத் தவறு, வீடு பிழைத்தது. கீழே கிடந்தால் கணக்குச் சரி. தம் மேல் பழி இல்லை. தோப்புக்கு ஓடினார். ஆனால் மறுநாள் மாசி மகம். செங்கல்பட்டு ஜில்லாவிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் இருளர் குடும்பங்கள் கடற்கரைக்கு வந்துகொண்டிருந்தன. கன்னியம்மனைக் கும்பிட்டு, காது குத்தி, கல்யாணம் பேசி, இரண்டு மூன்று நாள் தங்கிப் போவார்கள். அந்த வருடம் கடற்கரை போதாமல் தோப்பு வரை வந்து இறங்கியிருந்தார்கள். கியாசுதீன் குத்திய வரிசை முழுவதும் சேலைக் கூடாரம், அடுப்பு, ஆடு.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் வேலை நேரம் போக அந்தக் கூட்டத்துக்குள் நடந்தார். அடுப்படியில் குனிந்து பார்த்தார். கூடாரக் குச்சியைத் தொட்டுப் பார்த்தார். இரண்டு பேர் அவரைப் போலீஸ் ஆள் என்று நினைத்து எழுந்து கும்பிட்டார்கள். செவ்வாய்க்கிழமை மாலை, காசியம்மாள் என்ற ஒரு இருளப் பெண்மணி கிழங்கு சுட்டுக்கொண்டிருந்தாள். நெருப்பைக் கிளறிய கம்பியின் தலையில் வளையம். கரிந்த சிவப்புத் துணி ஒரு நூலாகத் தொங்கியது.

"அம்மா, அது எங்க கெடச்சிது?"

"இதா? இங்கதான். உன்னுதா? எடுத்துக்க சாமி. சுடும், துணியில புடி."

"நட்டுகினு இருந்துச்சா, கீழ கெடந்துச்சா?"

காசியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "புள்ளைங்க எடுத்தாந்துச்சி. நின்னுகினு இருந்தா இன்னா, படுத்துகினு இருந்தா இன்னா? கம்பிதானே?"

பிள்ளைகளைத் தேடினார். மூன்று பிள்ளைகள் நட்டிருந்தது என்றன. அதே மூன்றும், அவர் திருப்பிக் கேட்டதும், கிடந்தது என்றன. சூடான கம்பியைத் தோளில் கிடந்த துண்டில் சுற்றிக்கொண்டு நின்றார். தேடிய பொருள் கையில் இருந்தது. அதனால் ஒரு பயனும் இல்லை.

புதன்கிழமை சின்னராசுவைத் தனியே அழைத்துப் போய்க் கேட்டார்.

"எனக்கு நெனப்பு இல்ல பாய். சத்தியமா இல்ல. உட்டாலும் உட்ருப்பேன். நான் போய் சார்கிட்ட சொல்லட்டா?"

"நீ சொன்னா யாரு நம்புவா? அக்கா வூட்ட காப்பாத்த தம்பி பொய் சொல்றான்னு சொல்லுவாங்க."

"அப்ப நீ சொல்லு."

கியாசுதீனுக்கு ஒரு தடங்கல் இருந்தது. ஏப்ரல் முதல் தேதி ராஜேந்திரன் வடக்கே ஒரு புது ரயில் பாதையின் அளவைக்குப் போகிறார். ஒரிசா காடு, மலை, ஆறு; நூற்றுப்பத்து மைல் நேர்க்கோடு; இரண்டு வருட வேலை. ஓர் ஆளை உடன் அழைத்துப் போகலாம். கியாசுதீன்தான் என்று ஜனவரியிலேயே சொல்லியிருந்தார். இருந்த இடத்தை விட்டு நூற்றுப்பத்து மைல், திரும்பி வராத ஒரே திசையில். பத்தும் இருக்கிறது என்று பொய் சொன்ன ஆளை யார் காட்டுக்கு அழைத்துப் போவார்கள்?

இன்னொன்றும் இருந்தது, அதை அவர் சின்னராசுவிடம் சொல்லவில்லை. சந்திரம்மாவின் அடுப்புக்கு அடியில் அரண்மனை நிஜமாகவே இருந்தால்? தோண்டினால் பார்த்துவிடலாம். படுத்த இடம், சாப்பிட்ட இடம், எல்லாம். அந்த ஆசை வந்துபோனபோது அவருக்குத் தம் மேலேயே கோபம் வந்தது. காரணமில்லாமல் கடல் வரை நடந்துபோய்த் திரும்பினார்.

மார்ச் 11, வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்கு லீவு கேட்டுச் செங்கல்பட்டு போனார். தொழுகையிலும் அன்று கால் நிலைகொள்ளவில்லை. வீட்டில் பதருன்னிசா சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். ஒரிசாவுக்கு என்று ஒரு தகரப்பெட்டி வாங்கி மூலையில் வைத்திருந்தாள். கம்பளிக்கு உறை தைத்து முடித்திருந்தாள். அவர் சாப்பிடுவதை விட்டு எழுந்து வாசல் வரை போய் வந்தார். மறுபடி போய் வந்தார். மூன்றாம் தடவை அவள் கேட்டாள்.

"இன்னாங்க, சோத்துல கல்லா?"

எல்லாவற்றையும் சொன்னார். கம்பி, பாறை, தேரை, முளை, சந்திரம்மா போட்ட மூன்று குடிசை, ஊற்று, காசியம்மாள் வரை. முடித்ததும் ஒன்றுதான் கேட்டாள்.

"அந்தப் பொம்பள நாலாவதா எங்க போவா?"

"தெரியாது."

"இன்னிக்கு வெள்ளிக்கெழம. திங்கக்கெழம வூட்ட இடிக்கறாங்க. நீங்க இங்க குந்திகினு இன்னா பண்றீங்க? கடேசி பஸ்ஸு அஞ்சரைக்கு."

"சொன்னா ஒரிசா போச்சு பதரு."

"போனா போவட்டும். பெட்டில அரிசி கொட்டி வெச்சிக்கறேன்."

அந்தக் கடைசி பஸ்ஸில் ஏறினார். மறுநாள், சனிக்கிழமை, காலை ஆறு மணி ஐம்பது நிமிடத்துக்கு, ராஜேந்திரன் வரைபடத்தை விரித்து வைத்திருந்த மேஜை மேல் கரிந்த கம்பியையும் தாம் நிமிர்த்திக் கட்டோடு சேர்த்திருந்த பழைய கம்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

ராஜேந்திரன் பென்சிலைக் கீழே வைத்தார். அது உருண்டு தரையில் விழுந்தது. இரண்டு பேரும் எடுக்கவில்லை.

"அன்னைக்கே சொல்லியிருந்தா அரை நாள் வேலை" என்றார்.

"ஆமா சார்."

"அந்தம்மா வீட்ல ஆப்பம் சாப்பிடறதால சொல்றேன்னு செயலாளர் நெனைப்பார்."

"நெனைக்கட்டும் சார். அளந்து பாக்கச் சொல்லுங்க. சங்கிலிக்கு ஆப்பம் தெரியாது."

ராஜேந்திரன் சின்னராசுவை விலக்கிவிட்டுப் பின்கையைத் தாமே பிடித்தார். செயலாளர் குடையோடு கூடவே வந்தார். ஏழரைக்குத் தொடங்கினார்கள். மூன்று பத்து முடிந்து நாலாவதில் ஆறு கம்பி குத்தியாயிற்று. முன்பு எழுதிய கணக்குப்படி இன்னும் நாற்பது கண்ணியில் மேடு வந்துவிட வேண்டும். கியாசுதீன் தோப்பை விட்டு வெளியே வந்து பார்த்தார். மேடு அப்பால் இருந்தது. நாற்பது கண்ணிக்கு அப்பாலா, அதற்கும் மேலா என்று கண்ணால் சொல்ல முடியவில்லை; மணலில் கண் ஏமாற்றும். சங்கிலியை இழுத்து நடந்தார். நாற்பது போயிற்று. ஐம்பது போயிற்று. நூறாவது கண்ணியும் விறைத்து நின்றது. ஏழாம் கம்பியைக் குத்தினார். அதற்கும் மேலே நாற்பது கண்ணி போன பிறகுதான் அவர் கால் செங்கலில் இடித்தது.

"முப்பத்தேழு, நாற்பது" என்றார் ராஜேந்திரன். செயலாளர் குடையை மடக்கிவிட்டு, வெயிலில் நின்று, மறுபடி விரித்தார்.

அங்கிருந்து திரும்பும்போது ராஜேந்திரன் சொன்னார்: "கம்பி தொலையறது யாருக்கும் வரும் கியாசு. பத்துன்னு சொன்ன பார், அதுதான். காட்டுல நீ பத்துன்னா நான் பத்துன்னு எழுதணும்." கியாசுதீன் தலையாட்டினார். ஏப்ரலில் ராஜேந்திரன் வேறொரு ஆளை அழைத்துக்கொண்டு வடக்கே போனார். மாமல்லபுரத்திலும் அன்றோடு கியாசுதீனுக்குச் சங்கிலி இல்லை.

செய்தியைச் சொல்ல அவரும் சின்னராசுவும் சந்திரம்மா வீட்டுக்கு ஓடினார்கள். வீட்டுக்குக் கூரை இல்லை. அடுத்தவன் கையால் பிரிக்க விடமாட்டேன் என்று விடியற்காலையே ஏறி அவளே பிரித்துவிட்டிருந்தாள். மக்கிய ஓலை துண்டு துண்டாக முற்றத்தில் கிடந்தது. நாலு சுவருக்கு நடுவே, திறந்த வானத்துக்குக் கீழே, அடுப்பு. நான்கு அடி தள்ளி முளை.

சின்னராசு மூச்சு வாங்கச் சொன்னான். அவள் கேட்டாள். முளையைப் பிடுங்கி வெளியே எறிந்தாள். பிறகு கியாசுதீன் பக்கம் திரும்பினாள்.

"ஞாயித்துக்கெழமயே தெரியுமா உனக்கு?"

"சந்தேகம் இருந்துச்சு."

"ஆறு நாளு. ஆறு நாளு நான் தூங்கல. நீ மட்டும் ஊரெல்லாம் சுத்திகினு இருந்த." குரல் உடைந்தது, அதைத் திட்டாக மாற்றிக்கொண்டாள். "வாய தொறக்க ஆறு நாளு ஆச்சின்னா, கூர போட எத்தினி நாளு ஆவும்? போ, ஓல வெட்டிகினு வா. கடல் காத்துக்கு ஒரு கீத்துகூட பறக்கக் கூடாது. சொல்ட்டேன்."

கூரைக்கு நானூற்றுப் பன்னிரண்டு ஓலை பிடித்தது. செயலாளர் இரண்டு வண்டி வாக்கைக் காப்பாற்றினார். மிச்சத்தைக் கியாசுதீன் வெட்டிச் சுமந்தார். கீழே நின்று சந்திரம்மா ஓலையைத் தூக்கிக் கொடுப்பாள். மேலே இருந்து அவர் கட்டுவார். ஒரே இடத்தில் இத்தனை நேரம் அவர் இருந்தது பரணில் விமானம் பார்த்த பிறகு இதுதான். தொடை ஆடினால் மூங்கில் ஆடியது. "கூர ஆடுது பாய்" என்று கீழிருந்து சத்தம் வரும்.

குழி திங்கட்கிழமை தொடங்கியது. அறுபத்தாறு அடி மேற்கே, கற்றாழைக்குப் பக்கத்தில். கூரை மேலிருந்து மண்வெட்டிகள் ஏறி இறங்குவதும் மணல் குவிவதும் தெரிந்தன. குழிக்குள் என்ன இருக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை. புதன்கிழமை பதினொரு மணிக்கு அங்கே ஒரு கூச்சல் எழுந்தது. ஆட்கள் குழியை நோக்கி ஓடினார்கள். செயலாளரின் குடை கீழே கிடந்தது.

கியாசுதீனின் ஒரு கால் ஏணியில் இறங்கிவிட்டது.

"எறங்காத" என்றாள் சந்திரம்மா. "முகட்ல இன்னும் ஒரு வரிச கீது."

"ஒரு நிமிசம் சந்திரம்மா. பாத்துட்டு ஓடியாந்துர்றேன். இன்னாமோ கெடச்சிருக்கு."

"கெடச்சா அங்கயேதான் இருக்கும். ஆயிரம் வருசம் இருந்தது பத்து நிமிசத்துல ஓடிப்பூடுமா? மேக்கால மேகம் கட்டிகினு கீது. எறங்கின, திரும்பி வருவியா நீ? உன்ன எனக்குத் தெரியும்."

அவளுக்கு அவரைத் தெரிந்திருந்தது. அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். இந்தப் பக்கம், மூங்கில் முகட்டில் கையகலத்துக்கு வானம் தெரிந்த இடைவெளியைப் பார்த்தார். காலை மேலே இழுத்துக்கொண்டார். ஓலைக்குக் கை நீட்டினார்.

முகட்டு வரிசை முடிய ஒரு மணி நாற்பது நிமிடம் ஆயிற்று. கடைசி முடிச்சைப் பல்லால் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது சின்னராசு, இடுப்பு வரை நனைந்து, சேறாக வந்து நின்றான்.

"இன்னாடா அது சத்தம்?"

"தண்ணி பாய். ஒம்போது அடில பொத்துகினு வந்துச்சு. ஆளே முழுவிட்டான். வாயில பட்டுச்சு, உப்புன்னா உப்பு." கையை விரித்துக் காட்டினான். உள்ளங்கை அளவில் ஓர் ஓட்டுத் துண்டு. ராஜா காலத்ததாகவும் இருக்கலாம், போன வருடத்ததாகவும் இருக்கலாம். "இதான் கெடச்சிது."

அவனுக்குப் பின்னால் செயலாளர் வந்தார். குழியைப் பார்த்தார். பிறகு நிதானமாகத் திரும்பிச் சந்திரம்மாவின் வீட்டைப் பார்த்தார். சுவரின் அடியை, வாசலை, ஊற்றை. அவர் மனத்தில் என்ன ஓடுகிறது என்பது கூரை மேல் இருந்தவருக்கும் தெரிந்தது. ஏனென்றால் கியாசுதீன் மனத்திலும் அதேதான் ஓடியது: சுற்றிலும் உப்பு, நல்ல தண்ணீர் இங்கே மட்டும்; ராஜா வேறெங்கே குடியிருந்திருப்பான்?

சந்திரம்மா ஓலை சீவும் அரிவாளைக் கீழே வைக்காமல் கேட்டாள், "இன்னா சாமி, எங்க வூட்ட அப்படிப் பாக்கற?"

"ஒன்றுமில்லை அம்மா" என்றார் செயலாளர். குடையைத் தேடிக்கொண்டு போனார்.

சந்திரம்மா வீட்டுக்குள் போய் அண்ணாந்து பார்த்தாள். ஒரு பொட்டு வெளிச்சம்கூட விழவில்லை. மேலே கியாசுதீன் எங்கே இருக்கிறார் என்று ஓலை அமுங்கியதை வைத்துத் தெரிந்தது. உள்ளிருந்தே குரல் கொடுத்தாள்.

"பாய், மேக்குப் பக்கம் ஓரத்துல இன்னும் நாலு ஓல சொருவு. அப்புறம் எறங்கி வந்து சாப்புடு. ஆப்பத்துக்கு மாவு கீது."